விலகி நிற்கத் தெரிந்த இசை

2003-ஆம் ஆண்டு, பிரெஞ்சுத் திரையுலகின் சேசார் விருதுகளில் சிறந்த இசைக்கான பரிசு, ரோமன் பொலான்ஸ்கி இயக்கிய 'தி பியானிஸ்ட்' படத்துக்காகப் போலந்து நாட்டு இசையமைப்பாளர் வோய்ச்செக் கிலாருக்கு வழங்கப்பெற்றது. அப்படத்தின் இசைத்தட்டை எடுத்துக் கேட்போருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. தட்டில் இருப்பது ஏறத்தாழ முழுவதும் 1849-இல் மறைந்த ஷோப்பனின் இசை. கிலார் இயற்றியதாக அதில் இருப்பது ஒரே ஒரு பகுதி. அதுவும் இரண்டு நிமிட அளவுக்கே நீள்கிறது. அப்படியானால் பரிசு எதற்கு? எழுதிய அந்த இரண்டு நிமிடத்துக்கா, எழுதாமல் விட்டுவைத்த மற்ற நேரத்துக்கா?

வேடிக்கைக்காக இக்கேள்வியை எழுப்பவில்லை. நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட திரைப்படங்களுக்கு இசை தந்தவர் கிலார். இசையரங்குக்காகப் பெரும் படைப்புகளை இயற்றியவர். தம் கத்தோலிக்க விசுவாசத்தை ஒளிக்காதவர். இத்தகைய ஒருவர் வாழ்வின் பிற்பகுதியில், உலகமே பார்க்கப்போகும் ஒரு படத்தில், இவ்வளவு குறைவாகப் பேசினார் என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். அக்காரணத்தைத் தேடுவதே நம் நோக்கம்.

கிலார் 1932-ஆம் ஆண்டு லுவூவ் நகரில் பிறந்தார். அந்நகர் அன்று போலந்தில் இருந்தது. இன்று உக்ரைனில் லிவிவ் என்னும் பெயருடன் இருக்கிறது. தந்தை மருத்துவர், தாய் நாடக நடிகை. போரின் விளைவாகப் பிறந்த ஊரைவிட்டுப் பெயர்ந்த குடும்பம் அது. இறுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த கட்டோவிட்சே நகர் அவருக்கு ஊராயிற்று. 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் அவர் இறந்ததும் அங்கேதான். கட்டோவிட்சேயில் இசை பயின்ற பின், 1959-இல் பாரிசுக்குச் சென்று நாதியா பூலான்ஷே அம்மையாரிடம் மேலும் கற்றார்.

அறுபதுகளில் போலந்தின் இளைய இசையமைப்பாளர்கள் ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வைத்தனர். கிலார், பெண்டெரெட்ஸ்கி, குரெட்ஸ்கி மூவரும் ஓராண்டு முன்பின்னாகப் பிறந்தவர்கள். பழைய இன்னிசையை உதறிவிட்டு, ஓசைத் திரள்களையும் உரசல்களையும் அதிர்வுகளையும் கொண்டு இசை அமைத்தார்கள். கிலாரின் 'ரிஃப் 62' அக்காலத்தின் கொடிகளுள் ஒன்று. ஆனால் எழுபதுகளில் மூவருமே, அவரவர் வழியில், எளிமையை நோக்கித் திரும்பினர். 1974-இல் கிலார் தாத்ரா மலைவாழ் மக்களின் நாட்டார் இசையை அடியொற்றிக் 'க்ஷெசானி'யை அரங்கேற்றினார். அடுத்த ஆண்டே, போலந்து மக்களின் மிகப் பழைய மரியன்னைப் பாடலின் பெயரையே தாங்கிய 'போகுரோஜிட்சா' வந்தது. முன்னணிக் கலைஞன் பின்வாங்கிவிட்டான் என்று சிலர் முகம் சுளித்தனர். திரைப்படத்துக்கு எழுதி எழுதி எளிய இசைக்குப் பழகிவிட்டார் என்பது குற்றச்சாட்டின் ஒரு பகுதி.

அக்குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் அதைக் குற்றமாகக் கொள்வதற்கில்லை. ஐம்பதுகளின் இறுதியிலிருந்தே அவர் திரைப்படங்களுக்கு எழுதிவந்தார். படத்தொகுப்பு மேசை எந்த இசைக் கல்லூரியும் கற்பிக்காத ஒன்றைக் கற்பிக்கும். அங்கே ஒரு சிறு சொற்றொடர் நாற்பது வினாடிக்குள் தன் வேலையை முடிக்க வேண்டும். நடிகரின் முகத்தோடு போட்டியிடக் கூடாது. இயக்குநர் கத்தரித்தால் காயமின்றி முடிய வேண்டும். 1975-இல் ஆந்த்ரே வாய்தா எடுத்த 'வாக்களிக்கப்பட்ட பூமி'யைப் பாருங்கள். ஒரு போலந்துக்காரன், ஒரு ஜெர்மானியன், ஒரு யூதன் ஆகிய மூன்று நண்பர்கள் வூட்ஜ் நகரில் நெசவாலை கட்டிப் பணம் குவிக்கப் புறப்படும் கதை. நெசவு இயந்திரங்களின் ஓட்டத்தை ஒத்த ஓயாத சந்தம் ஒன்றைக் கிலார் அதற்குத் தந்தார். அச்சந்தத்தில் இரக்கத்துக்கு இடமில்லை. தொழிலாளரின் துயரைச் சொல்ல வயலினை அழவிடுவது எளிது. கிலார் இயந்திரத்தைப் பேசவிட்டார். அழுவதை நமக்கு விட்டுவிட்டார்.

திரும்பத் திரும்ப வருதல்: கிலாரின் கலைக்கு உயிர்நாடி இதுவே. ஒரு சிறு தொடர் மீண்டும் வரும், மீண்டும் வரும். ஒவ்வொரு முறையும் ஒரு கருவி கூடும், ஒரு குரல் கூடும். இதை அவர் எங்கிருந்து பெற்றார் என்பதற்கு இசை அறிஞர்கள் பல விடைகள் தரலாம். நமக்கோ ஒரு விடை காதருகிலேயே இருக்கிறது. மன்றாட்டு மாலையில் மக்கள் ஒரே மறுமொழியை நாற்பது முறை சொல்லக் கேட்டிருக்கிறோம். ஐந்தாம் முறையில் சலிப்பு தட்டும். இருபதாம் முறையில் சலிப்பு மறைந்து வேறேதோ தொடங்கும். செஸ்டஹோவாவில் உள்ள யாஸ்னா கூரா திருத்தலத்துக்கு அடிக்கடி சென்றுவந்த கிலாருக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். 1984-இல் முடித்த 'மூவேளைச் செபம்' என்ற படைப்பில் அவர் இதை மறைக்கவேயில்லை. கோவிலில் மக்கள் செபமாலை சொல்வதைப் போலவே சேர்ந்திசைக் குழு மங்கள வார்த்தைச் செபத்தை முணுமுணுத்துத் தொடங்குகிறது. பாட்டு அன்று, பேச்சு. பின்னரே அது மெல்ல மெல்லப் பாடலாகி எழுகிறது. போலந்தில் இராணுவச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1981 டிசம்பரில். அடுத்து வந்த ஆண்டுகளில் இயற்றப்பட்டது இது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வேறெதுவும் பேச முடியாத மக்களிடம் எஞ்சியிருந்த முணுமுணுப்பு அது.

இனி வருவதுதான் நம்மைச் சங்கடப்படுத்தும் செய்தி. எட்டு ஆண்டுகள் கழித்து, 1992-இல், ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் 'டிராகுலா' வந்தது. கிலாரை உலகறியச் செய்த படம் அதுவே. 1462-ஆம் ஆண்டில் படம் தொடங்குகிறது. துருக்கியரை வென்று திரும்பும் வீரன், பொய்ச் செய்தியை நம்பித் தன்னுயிரை மாய்த்துக்கொண்ட மனைவியின் உடலைக் காண்கிறான். அவளது ஆன்மாவுக்கு மீட்பில்லை என்று கூறக் கேட்டுக் கடவுளை மறுதலிக்கிறான், சிலுவையில் வாளைப் பாய்ச்சுகிறான், குருதி வழிகிறது. அக்கதையின் இசையில் நாம் கேட்பது என்ன? கனத்த தந்திக் கருவிகள் ஒரு சிறு தொடரை மீண்டும் மீண்டும் சொல்கின்றன. முணுமுணுப்பாக எழும் மனிதக் குரல்கள் முழக்கமாகின்றன. 'மூவேளைச் செப'த்தின் உத்திதான்! செபத்தைக் கட்டிய அதே செங்கல்லால் இரத்தக் காட்டேரியின் கோட்டையும் கட்டப்பட்டிருக்கிறது.

முதன்முறை இதை உணர்ந்தபோது நாம் முகம் சுளித்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். புனிதமான ஒன்றை அந்நியக் கைகளுக்கு விற்றுவிட்டார் என்று எழுதவும் முற்பட்டோம். படத்தை மறுபடியும் பார்த்தபின் அவ்வளவு விரைந்து தீர்ப்பிட மனம் ஒப்பவில்லை. டிராகுலாவின் கதை, கடவுளை மறுதலித்தவன் மறுதலித்த அதே சிற்றாலயத்தில் வந்து சாகும் கதை. அவனுடைய இசை தலைகீழாகப் பிடித்த செபமாக இருப்பதில் பொருள் உண்டு. அது இயக்குநர் கேட்டதா, கிலார் தாமே கண்டதா, நமக்கு முக்கியமில்லை. அதைவிடக் கடினமான உண்மை ஒன்று இங்கே தலைகாட்டுகிறது: ஒரு சுரத்தொகுதிக்குள் புனிதம் பூட்டி வைக்கப்படவில்லை.

இதற்கு இன்னும் வலுவான சான்று வேறொரு படத்தில் இருக்கிறது. போலந்து இயக்குநர் சனூசியும் கிலாரும் 1969 முதல் பல பத்தாண்டுகள் இணைந்து பணியாற்றியவர்கள். 1991-இல் சனூசி புனித மாக்சிமிலியன் கோல்பேயைப் பற்றி 'உயிருக்கு உயிர்' என்ற படத்தை எடுத்தார். 1941-இல் ஆஷ்விட்ஸ் முகாமில், பட்டினிச் சாவுக்குக் குறிக்கப்பட்ட பதின்மருள் ஒருவரான குடும்பத் தலைவருக்காகத் தம் உயிரை ஈந்தவர் கோல்பே. 1982-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். சனூசியின் அணுகுமுறை புதுமையானது. புனிதரை நேரே காட்டாமல், எந்தக் கைதி தப்பியோடியதற்குத் தண்டனையாக அந்தப் பதின்மர் தேர்ந்தெடுக்கப்பட்டனரோ, அந்தக் கைதியின் பின்னே படம் செல்கிறது. தான் பிழைத்ததன் விலை என்ன என்று அறிந்தவன் எவ்வாறு வாழ்வான்? புனிதர் வரலாற்றுப் படங்கள் எனப்படுபவற்றில் பெரும்பாலானவை ஒளிவட்டத்தையும் உருகும் இசையையும் கொண்டு நம்மை முழந்தாளிட வைக்கப் பார்க்கின்றன. இப்படம் அப்படிச் செய்யாததே அதன் பெருமை.

அப்படத்துக்காகக் கிலார் எழுதிய 'தந்தை கோல்பேயின் மறையுரை' என்ற சிறு பகுதிக்கு ஒரு விந்தையான பிற்கால வாழ்வு உண்டு. 1998-இல் பீட்டர் வியர் இயக்கிய 'தி ட்ரூமன் ஷோ' என்னும் அமெரிக்கப் படத்தில் அது எடுத்தாளப்பட்டது. பிறந்தது முதல் தானறியாமலே தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் நாயகனாக, பொய்யான ஊரில், பொய்யான உறவுகளோடு வளர்க்கப்படும் மனிதனின் கதை அது. அந்த ஊருக்கு மேலே அமர்ந்து வெயிலையும் மழையையும் ஏவும் தயாரிப்பாளர், கடவுளின் கேலிச்சித்திரம். ஆஷ்விட்சின் புனிதருக்காக எழுதப்பட்ட இசை அங்கே வந்து ஒலிக்கிறது. பார்த்த கோடிக்கணக்கானோரில் எத்தனை பேர் கோல்பேயை நினைத்திருப்பர்? விரல்விட்டு எண்ணலாம். இது இழிவுபடுத்தலா? நாம் அப்படிக் கருதவில்லை. ஆயினும் மனம் முழுவதும் அமைதியடையவுமில்லை. மறையுரையின் சொற்கள் போய்விட்டன, மறையுரைத்தவர் போய்விட்டார், தந்திகளின் அதிர்வு மட்டும் எஞ்சியிருக்கிறது. அது இன்னும் அழகாகவே இருக்கிறது. அந்த அழகே நம்மை உறுத்துகிறது.

கிலாரின் எல்லாப் படைப்புகளையும் நாம் ஏற்கிறோம் என்று வாசக அன்பர்கள் எண்ண வேண்டா. 1981-இல் அரங்கேறிய 'விடுதலைப் பயணம்' பெரிதும் போற்றப்படுவது. ஒரே மெட்டு இருபது நிமிடத்துக்கு மேலாகப் பெருகிப் பெருகி, இறுதியில் சேர்ந்திசையாக வெடிக்கிறது. தொழிலாளர் ஒற்றுமை இயக்கம் எழுச்சி பெற்ற நாள்களில் வார்சாவில் அதைக் கேட்டவர்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. செங்கடலைக் கடந்த மக்களைத் தங்களாகவே கண்டிருப்பர். ஆனால் அந்நாள்களைக் கழித்துவிட்டுக் கேட்கும்போது, அதன் பின்பாதி நம்மைக் கையைப் பிடித்து இழுப்பதாகத் தோன்றுகிறது. இப்போது எழுந்து நில், இப்போது கண்ணீர் விடு என்று கட்டளையிடும் இசை அது. 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தின் முன்னோட்டத்துக்கு அதைப் பயன்படுத்தினார்கள் என்பதில் வியப்பில்லை. முன்னோட்டங்களுக்கு வேண்டியது அத்தகைய இசையே. 1999-இல் வாய்தாவின் 'பான் ததேயுஷ்' படத்துக்கு எழுதிய பொலொனேஸ் நடன இசையும் நமக்குச் சற்று எளிதாகக் கிடைத்த வெற்றியாகவே படுகிறது. நம் கருத்து எதுவாயினும், போலந்தின் பள்ளி மாணவர்கள் இறுதித் தேர்வுக்கு நூறு நாள் முன்பு நடத்தும் விழாவில் இன்று அந்த மெட்டுக்கே அணிவகுத்து ஆடுகிறார்கள். ஓர் இசையமைப்பாளருக்கு இதைவிட நல்ல விருது கிடைப்பது அரிது.

ஆகவே கிலாருக்குப் பெருங்குரலில் பேசத் தெரியாது என்பதில்லை. தெரிந்தவர் குரலை அடக்கியபோது என்ன நிகழ்ந்தது என்பதைக் காணப் பொலான்ஸ்கியிடம் திரும்ப வேண்டும். 1994 முதல் 2002 வரை கிலார் பணியாற்றிய அயல்நாட்டுப் படங்களுள் மூன்றில் ஒரு பொது அம்சம் உண்டு. மூன்றின் மையத்திலும் ஏற்கெனவே வேறொரு மாமேதையின் இசை வீற்றிருக்கிறது. பொலான்ஸ்கியின் 'டெத் அண்ட் த மெய்டன்' படத்தில் ஷூபர்ட்டின் நால்வர் தந்தியிசை. 1996-இல் ஜேன் கேம்பியன் எடுத்த 'த போர்ட்ரெயிட் ஆஃப் எ லேடி' படத்திலும் ஷூபர்ட். 'தி பியானிஸ்ட்' படத்தில் ஷோப்பன். மற்றொருவரின் அருகே அமர்ந்து எழுதும் வேலை மும்முறையும் கிலாருக்கு வாய்த்தது.

இவற்றுள் முதலாவது கொடுமையான படம். ஏரியல் டார்ஃப்மனின் நாடகத்தை ஒட்டியது. சர்வாதிகார ஆட்சியில் கண்கட்டி வதைக்கப்பட்ட பெண் ஒருத்தி, ஆண்டுகள் பல கழிந்தபின், தன் வீட்டுக்கு வந்த மருத்துவனின் குரலைக் கேட்டு அவனே தன்னை வதைத்தவன் என்று உறுதிகொள்கிறாள். வதைத்தபோது அவன் ஒலிக்கவிட்டது ஷூபர்ட்டின் இசை. அவள் உயிராக நேசித்த இசை அது. அதன்பின் அவளால் அதைக் கேட்கவே முடியவில்லை. நல்ல இசை நல்ல மனிதனை உருவாக்கும் என்று மேடைதோறும் சொல்லிவருகிறோமே, அந்த நம்பிக்கையின் கன்னத்தில் விழுந்த அறை இக்கதை. இசையே குற்றத்துக்குத் துணைபோன ஒரு கதைக்கு எப்படி இசை அமைப்பது? கனிவான ஒரு மெட்டு எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். இங்கே கிலாரின் இசை சந்தேகத்தோடு நடக்கிறது, இருட்டில் சுவரைத் தடவிச் செல்பவரைப் போல. அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் சொல்ல முற்படவில்லை.

'தி பியானிஸ்ட்' அதே வினாவின் மறுபக்கம். வார்சாவின் வானொலிப் பியானோ கலைஞர் விளாதிஸ்லாவ் ஷ்பில்மனின் உண்மைக் கதை. 1939 செப்டம்பரில் ஷோப்பனை வாசித்துக் கொண்டிருக்கும்போதே நிலையத்தின் மீது குண்டு விழுகிறது. பின்னர் ஒளிந்து வாழும் வீட்டில் பியானோ இருக்கிறது. ஓசை எழுந்தால் உயிர் போகும். அவர் விரல்களைக் கட்டைகளுக்கு மேலே காற்றில் ஓட்டுகிறார்; அவர் மனத்துக்குள் ஒலிப்பதை நாம் கேட்கிறோம். இறுதியில், இடிந்த நகரின் வெற்று வீட்டில், ஜெர்மானிய அதிகாரி ஹோசன்ஃபெல்ட் முன் ஷோப்பனின் கதைப்பாடல் வடிவ இசையொன்றை வாசிக்கிறார். (உண்மை வாழ்வில் அன்று அவர் வாசித்தது வேறொரு ஷோப்பன் படைப்பு. படம் பெரிதான ஒன்றைத் தேர்ந்துகொண்டது.) அவ்வதிகாரி அவரைக் காட்டிக்கொடுக்காமல் உணவளிக்கிறார். முன்சொன்ன மருத்துவனும் இசையை நேசித்தவன். இந்த அதிகாரியும் இசையை நேசித்தவர். ஒருவன் வதைத்தான், ஒருவர் காத்தார். காத்தவர் பின்னர் 1952-இல் சோவியத் சிறையில் இறந்தார். இசை இருவரிடமும் இருந்தது. ஆகவே காத்தது இசையன்று. இசையைக் கேட்டபின் அவர் எடுத்த முடிவு.

கிலார் இங்கே ஏன் குறைவாகப் பேசினார் என்பது இப்போது ஓரளவு விளங்குகிறது. ஷோப்பனை வாசித்து முடித்த ஷ்பில்மனின் முகத்தையும், கேட்ட அதிகாரியின் முகத்தையும் காட்டும் இடத்தில், தந்திக் கருவிகள் புகுந்து 'பாருங்கள், அருள் இறங்குகிறது' என்று அறிவித்திருந்தால், அம்மனிதரின் முடிவை இசை பறித்துக்கொண்டிருக்கும். பொலான்ஸ்கி தாமே சிறுவனாகக் கிராக்கோவ் யூதர் சேரியில் துன்புற்றவர். கிலாரோ 1990-லேயே வாய்தாவின் 'கோர்ச்சாக்' படத்துக்காக வார்சா சேரிக்குள் இசையோடு சென்று வந்தவர். அங்கே எது சொல்லத்தக்கது, எது சொல்லத்தகாதது என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

அப்படியானால் அந்த இரண்டு நிமிடம் ஏன்? 1940 அக்டோபர் 31. வார்சாவின் யூதர்கள் தங்கள் வீடுகளை விட்டுச் சேரிக்குள் செல்லும் நாள். வண்டிகள், மூட்டைகள், முதியோர், குழந்தைகள். வழியோரம் நின்று பார்க்கும் நகரமக்களிடையே ஷ்பில்மனுக்குப் பழக்கமான ஒரு பெண். இதைப் பார்க்க வர விரும்பவில்லை, ஆனாலும் வராமல் இருக்க முடியவில்லை என்கிறாள். இங்கே ஷோப்பன் பொருந்தமாட்டார். அவர் ஷ்பில்மனின் தனி உடைமை. இதுவோ ஓர் ஊரே நடக்கும் நடை. கிலார் ஒரு கிளாரினெட்டை எடுத்தார். யூதர்களின் திருமணங்களில் களித்தாடிய கருவி. அந்த ஆட்டத்தின் சாயல் இதிலும் மெலிதாக இருக்கிறது, கால்கள்தாம் ஆடவில்லை. ஒரே சிறு தொடர் சற்றே திரும்பி, மீண்டும் திரும்பி வருகிறது. 'டிராகுலா'வில் முழங்கியதும், 'விடுதலைப் பயண'த்தில் வெடித்ததும் இதே பழக்கந்தான். இங்கே அது பெருகவில்லை. கருவிகள் வந்து குவியவில்லை. சேர்ந்திசைக் குழு எழவில்லை. வழியோரம் நிற்கும் அந்தப் பெண்ணைப் போல, பார்க்க மட்டும் வந்த இசை.

அது முடிகிறது. பிறகு அந்தக் குடும்பம் சன்னல் வழியே பார்க்கிறது: தெருவின் குறுக்கே, செங்கல் மேல் செங்கல்லாக, சுவர் எழுந்துகொண்டிருக்கிறது.